எவர்டன் 33, லெஸ்டர் 31, லீட்ஸ் 31: வேலூர்ப் பக்கத்து நாட்குறிப்பு

மே 24, 2023, புதன். வேலூர்

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் கீழ்ப் பிரிவுக்கு யார் இறங்குவது என்ற சண்டை கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது. செவ்வாய் விடியற்காலை இரண்டரை மணிக்கு நியூகாசில் மைதானத்தில் லெஸ்டர் ஆடிய ஆட்டம் 0-0 என்று முடிந்தது. லெஸ்டருக்கு ஒரு புள்ளி. கூடுதல் நேரத்தில் காஸ்டான்ய அடித்த பந்தை நியூகாசில் கோல்கீப்பர் நிக் போப் தடுத்ததைத் தவிர லெஸ்டர் கோலை நோக்கி ஒன்றும் அடிக்கவில்லை. தாக்கி ஆடும் மேடிசனையும் ஹார்வி பார்ன்ஸையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, மொத்த அணியையும் பின்னால் நிறுத்தி வாங்கிய புள்ளி அது. வாங்கியது சரியா தவறா என்பதுதான் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் பிரீமியர் லீக் பார்ப்பவர்களின் சண்டை.

பட்டியலின் அடிப்பகுதி இப்போது இப்படி நிற்கிறது. 37 ஆட்டம் முடிந்து எவர்டன் 17ஆம் இடத்தில், 33 புள்ளி, கோல் வித்தியாசம் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தது) மைனஸ் 24. லெஸ்டர் 18ஆம் இடம், 31 புள்ளி, மைனஸ் 18. லீட்ஸ் 19ஆம் இடம், 31 புள்ளி, மைனஸ் 27. சவுத்தாம்ப்டன் 24 புள்ளியோடு மே 13ஆம் தேதியே இறங்கிவிட்டது. 20 அணியில் கடைசி மூன்று கீழ்ப் பிரிவுக்குப் போகும் என்பதால், மிச்சமுள்ள மூன்று பேரில் ஒருவருக்குத்தான் இடம். ஞாயிறு இரவு நம்முடைய ஒன்பது மணிக்குப் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும். எவர்டன் தன் மைதானத்தில் போர்ன்மவுத்தோடு, லெஸ்டர் தன் மைதானத்தில் வெஸ்ட் ஹாமோடு, லீட்ஸும் தன் மைதானத்தில் டாட்டன்ஹாமோடு.

கத்திரி வெயிலுக்குப் பகலில் கோட்டை அகழிப் பக்கம் ஆளே இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் காந்தி ரோட்டில் கூட்டம் வருகிறது. சிஎம்சிக்கு வந்த நோயாளிகளின் கூட இருப்பவர்கள், பெரும்பாலும் வங்காளத்துக்காரர்கள், லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கால்பந்து என்றால் அவர்களை விட்டுப் பேச முடியாது. ஆனால் ரெலிகேஷன், அதாவது கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் பயம் அவர்களுக்கு இந்தச் சீசனில் இல்லை. இந்தியாவின் மேல் பிரிவான ஐஎஸ்எல்லில் இன்றைக்கு வரை யாரும் இறங்கியதில்லை. ஈஸ்ட் பெங்கால் 2021-22இல் கடைசி இடத்தில் முடித்தும் அடுத்த ஆண்டு அதே லீக்கில் ஆடியது. அதற்குக் கீழே உள்ள ஐ-லீக்கில் நிலைமை வேறு. இந்த ஆண்டு சுதேவா டெல்லியும் மும்பை கென்கரேயும் இறங்கின, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் மேலே ஏறுகிறது. இறங்கும் பயம் இல்லாத லீக்கில் பிப்ரவரிக்கு மேல் கீழ்வரிசை ஆட்டங்களில் உயிர் இருக்காது. அடியில் சண்டை இருந்தால்தான் 15ஆம் இடத்தில் இருப்பவன்கூட கடைசி நிமிடம் வரை ஓடுவான். இந்திய லீக்கின் மேல்தட்டிலும் இது வர வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம்.

வேலூரில் யார் எந்த அணி என்பதற்கு வயதுக் கணக்கு உண்டு. லீட்ஸ் ரசிகர் என்றால் நாற்பதைத் தாண்டியவர். 2001இல் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனதைக் கேபிள் டிவியில் பார்த்தவர். லெஸ்டர் ரசிகர் 2016 கோப்பைக்குப் பிறகு சேர்ந்தவர். எவர்டன்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு, பிடிவாதத்தில் அதிகம். 1954இலிருந்து ஒருமுறைகூட முதல் பிரிவைவிட்டு இறங்காத அணி அது. அந்தப் பெருமை ஞாயிற்றுக்கிழமை உடையுமோ என்ற கலக்கம் அவர்கள் பேச்சில் அப்படியே தெரிகிறது.

முதலில் நிபந்தனைகளைச் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் டீக்கடையில் பாதிச் சண்டை இதைத் தப்பாகச் சொல்வதால்தான் வருகிறது. எவர்டன் ஜெயித்தால் 36. மற்ற இருவரும் எட்டக்கூடிய உச்சம் 34. அதோடு கதை முடிந்தது. எவர்டன் டிரா செய்தால் 34. அப்போது லெஸ்டர் ஜெயித்தால் அதுவும் 34, கோல் வித்தியாசத்தில் லெஸ்டர் வெகு தூரம் முன்னே, எவர்டன் காலி. லெஸ்டர் ஜெயிக்காமல் லீட்ஸ் ஜெயித்தால், லீட்ஸ் எத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று போதும். மைனஸ் 27இல் மூன்று குறைந்தால் மைனஸ் 24, எவர்டனோடு சமம். அடுத்து பார்ப்பது அடித்த கோல். லீட்ஸ் 47 அடித்திருக்கிறது, எவர்டன் 33தான். "நாலு கோல் வேணும்" என்று பலர் சொல்வது தப்பு. எவர்டன் தோற்றால் 33இல் நிற்கும், லெஸ்டரோ லீட்ஸோ யார் ஜெயித்தாலும் அது இறங்கும். மூன்று பேருமே ஜெயிக்கவில்லை என்றால் எவர்டன் பிழைக்கும்.

மே 25, வியாழன். காட்பாடி

பாலாற்றுப் பாலம் தாண்டினால் காட்பாடி. ஆற்றில் மணலும் கருவேலமும்தான். விஐடி பக்கத்து விடுதிகள் கோடை விடுமுறையில் பாதி காலி. ஆராய்ச்சி மாணவர்களும் ஊருக்குப் போகாத சிலரும் மட்டும் இருக்கிறார்கள். இங்கே கணக்கு லேப்டாப்பில் நடக்கிறது. ஆனால் முறை எளிது, ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும், அதனால் முழுதாக எழுதுகிறோம்.

எவர்டன் 37 ஆட்டத்தில் 33 கோல் அடித்திருக்கிறது, ஓர் ஆட்டத்துக்கு 0.89. எதிரணிகளிடம் வாங்கியது 57, அதாவது 1.54. போர்ன்மவுத் அடித்தது 37, சரியாக ஆட்டத்துக்கு ஒன்று. வாங்கியது 70, அதாவது 1.89. லீக் முழுக்க ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அடிக்கும் சராசரி 1.4 பக்கம். எவர்டனின் 0.89ஐயும் போர்ன்மவுத் வாங்கும் 1.89ஐயும் பெருக்கி 1.4ஆல் வகுத்தால் 1.2. சொந்த மைதானம் என்பதற்குப் பத்து சதவீதம் ஏற்றினால் 1.3. இதே மாதிரி போர்ன்மவுத்துக்கு 1ஐயும் 1.54ஐயும் பெருக்கி 1.4ஆல் வகுத்தால் 1.1, வெளி மைதானத்துக்குப் பத்து சதவீதம் இறக்கினால் 1. எவர்டன் 1.3, போர்ன்மவுத் 1. சராசரியிலிருந்து எத்தனை கோலுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பாய்சான் பரவல் என்ற சூத்திரத்தில் இந்த இரண்டு எண்ணையும் போட்டால் எவர்டன் வெற்றி 43 சதவீதம், டிரா 28, தோல்வி 29 என்று வருகிறது.

எண்ணை அப்படியே நம்பக் கூடாது. போர்ன்மவுத் 39 புள்ளியோடு தப்பிவிட்ட அணி, கடைசி மூன்று ஆட்டத்திலும் தோற்றது. எவர்டனுக்கோ வாழ்வா சாவா. அதற்காக எவர்டன் வெற்றியை 50க்கு ஏற்றி, டிராவை 27, தோல்வியை 23 என்று வைக்கிறோம். இதைவிட அதிகம் ஏற்றுபவர்கள் ஆசையில் ஏற்றுகிறார்கள். நவம்பரில் ஒரே வாரத்தில் இதே போர்ன்மவுத் எவர்டனை லீக் கோப்பையில் 4-1, லீக்கில் 3-0 என்று அடித்ததை மறக்கக் கூடாது. லெஸ்டர் வெற்றி 55 சதவீதம், லீட்ஸ் வெற்றி 35, லீட்ஸ் மூன்றோ அதற்கு மேலோ கோல் வித்தியாசத்தில் ஜெயிப்பது 3 சதவீதம் என்பது எங்கள் மதிப்பீடு.

இனி பெருக்கல்தான். எவர்டன் ஜெயித்துப் பிழைக்கும் பங்கு 50. டிரா செய்து பிழைக்க, லெஸ்டர் ஜெயிக்கக் கூடாது (45 சதவீதம்), லீட்ஸும் மூன்று கோலில் ஜெயிக்கக் கூடாது (97). 27ஐ இவற்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 12. தோற்றும் பிழைக்க இரண்டு பேரும் ஜெயிக்கக் கூடாது: 23இல் 45 சதவீதம், அதில் 65 சதவீதம், கிட்டத்தட்ட 7. கூட்டினால் எவர்டனுக்கு 68, 69. லெஸ்டருக்கு, எவர்டன் ஜெயிக்காத 50இல் 55 சதவீதம், 27 சொச்சம். லீட்ஸுக்கு மிச்சம் 4.

இப்போது அந்த 0-0க்கு வருவோம். நியூகாசிலில் தோற்றிருந்தால் லெஸ்டர் 30. கடைசி நாள் ஜெயித்தாலும் 33தான், எவர்டன் தோற்றால் மட்டுமே வழி: 23இல் 55 சதவீதம், 13 கூட இல்லை. டிரா செய்ததால் எவர்டனின் டிராவும் லெஸ்டருக்கு உதவும், அதனால் 27. ஆக அந்தப் புள்ளியின் மதிப்பு 15 சதவீதம். ஜெயித்திருந்தால்? லெஸ்டர் 33, கோல் வித்தியாசத்தில் எவர்டனுக்கு மேல். எவர்டன் என்ன செய்கிறதோ அதையே லெஸ்டரும் செய்தால் போதும், விதி தன் கையில். அப்போது வாய்ப்பு 70 பக்கம் போயிருக்கும்.

13, 27, 70. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லெஸ்டர் பயிற்சியாளர் டீன் ஸ்மித் எடுத்த முடிவு எவ்வளவு இறுக்கமானது என்று தெரியும். தாக்கி ஆடினால் ஐந்தில் ஒருமுறை ஜெயிக்கலாம், நாலில் ஒருமுறை டிரா, மற்றபடி தோல்வி என்று வைத்தால் சராசரி 28 வருகிறது. பின்னால் நின்று நிச்சயமாக டிரா வாங்கினால் 27. கிட்டத்தட்ட சமம். ஆனால் பின்னால் நின்றால் டிரா நிச்சயம் என்று யார் எழுதிக் கொடுத்தது? நியூகாசில் கம்பத்தில் அடித்த பந்து ஓரங்குலம் உள்ளே விழுந்திருந்தால் அதுவும் இல்லை. மேடிசனும் பார்ன்ஸும் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தீர்ப்பு. இங்குள்ள லெஸ்டர் தம்பிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கைல கீற ஒரு பாயின்ட்ட வுட்டுட்டு இன்னாத்துக்குண்ணா சூதாடணும்?" என்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே மூன்று ஆட்டமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போல் பெருக்கினோம். உண்மையில் லெஸ்டர் கோல் போட்ட செய்தி இரண்டு நிமிடத்தில் எவர்டன் மைதானம் முழுக்கப் பரவும். பார்வையாளர் கூச்சல் மாறும், ஆடுபவன் கால் நடுங்கும். அதை எந்தச் சூத்திரமும் பிடிக்காது.

மே 26, வெள்ளி. ராணிப்பேட்டை, ஆற்காடு

ராணிப்பேட்டையில் பாலம் ஏறி இறங்கினால் ஆற்காடு. மக்கன் பேடா கடைகளில் மத்தியானமும் கூட்டம். இங்கே பேச்சு எண்களைவிட்டு எதிரணிகளின் மனநிலைக்குப் போகிறது. தோல் ஏற்றுமதி வேலையில் இருப்பவர்கள் இங்கிலாந்து நேரத்தோடு பழகியவர்கள், வாதத்தில் கெட்டி.

கடைசி நாள் எதிரணிக்கு எதாவது மிச்சம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். டாட்டன்ஹாமுக்கு இருக்கிறது. ஆஸ்டன் வில்லா 58, டாட்டன்ஹாம் 57, பிரென்ட்ஃபோர்ட் 56. ஏழாம் இடத்துக்கு ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் உண்டு, ஆகவே அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதோடு கோல் அடிக்க ஹாரி கேன் இருக்கிறார். லீட்ஸுக்கு இருந்ததே 4 சதவீதம்தான், அதுவும் இப்படி ஓர் எதிரியோடு. மே மூன்றாம் தேதி சாம் அலர்டைஸை நான்கு ஆட்டத்துக்கு மட்டும் பயிற்சியாளராகக் கூப்பிட்டார்கள். அதில் முடிந்த மூன்றில் ஒரே ஒரு டிரா, நியூகாசிலோடு 2-2. அந்த ஆட்டத்திலும் பாம்ஃபோர்ட் பெனால்டியைத் தவறவிட்டார். ஒரே சீசனில் மார்ஷ், கிராசியா, அலர்டைஸ் என்று பயிற்சியாளரை மாற்றியதுதான் லீட்ஸின் நோய். ஆள் மாறும்போது ஆட்டமுறை மாறும். முன்னால் ஏறி நெருக்கும் அணியைப் பின்னால் நிற்கப் பழக்க நான்கு வாரம் போதாது.

வெஸ்ட் ஹாம் விஷயம்தான் சிக்கல். ஜூன் 7ஆம் தேதி பிராகில் அவர்களுக்கு ஃபியோரென்டினாவோடு கான்ஃபரன்ஸ் லீக் இறுதி. "மெயின் பிளேயரெல்லாம் உக்கார வெச்சுடுவாங்க, லெஸ்டருக்கு லட்டு" என்பது ஒரு கட்சி. தேதியைப் பாருங்கள்: ஞாயிறுக்கும் இறுதிக்கும் நடுவே பத்து நாள். ஞாயிறும் ஆட விடாமல் உட்கார வைத்துவிட்டு இறுதிப் போட்டிக்கு எந்தப் பயிற்சியாளரும் நேராகப் போகமாட்டார். வெஸ்ட் ஹாம் பயிற்சியாளர் டேவிட் மோயஸ் நல்ல அணியைத்தான் இறக்குவார் என்பது எங்கள் கருத்து. அதேசமயம் முட்டி மோதி காயம் வாங்க எந்த வீரனும் விரும்பமாட்டான். பந்துக்கு ஐம்பதுக்கு ஐம்பது போட்டி வரும்போது கால் அரை நொடி தாமதிக்கும். அந்த அரை நொடி லெஸ்டருக்கு லாபம்.

ஆற்காட்டில் இன்னொரு வாதமும் ஓடியது: 40 புள்ளி எடுத்தால் பிழைக்கலாம் என்ற பழைய கணக்கு. அது வெறும் பழக்கத்தில் வந்த எண். 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. 2004-05இல் வெஸ்ட் பிராம் 34 எடுத்தே பிழைத்தது, அதுவும் கிறிஸ்துமஸில் கடைசி இடத்தில் இருந்த அணி. போன ஆண்டு பர்ன்லி 35இல் போனது, லீட்ஸ் 38இல் நின்றது. கோடு எங்கே விழும் என்பதை அடியில் இருக்கும் நான்கைந்து அணிகள் தங்களுக்குள் ஆடும் ஆட்டங்கள் தீர்மானிக்கின்றன. அங்கே ஜெயித்தால் உனக்கு மூன்று வருவதோடு எதிரிக்கு வரவேண்டிய மூன்றும் போகிறது.

எவர்டன் பழைய வரலாறு தெரிந்த ஒருவர் 1998ஐ எடுத்தார். அந்த ஆண்டு எவர்டனும் போல்டனும் 40இல் சமம், கோல் வித்தியாசத்தில் எவர்டன் பிழைத்தது. செப்டம்பர் 1997இல் இவ்விரு அணியும் ஆடிய 0-0 ஆட்டத்தில் போல்டனின் டேகர்ட் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டியது, நடுவர் தரவில்லை. எட்டு மாதம் கழித்து அந்த ஒரு பந்தில் போல்டன் இறங்கியது. கோல் கோட்டில் கேமரா வந்த பிறகும் 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லாவோடு ஆடிய ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட் அடித்த பந்தை அந்தக் கருவியே தவறவிட்டது. வில்லாவுக்கு அதில் ஒரு புள்ளி வந்தது. வில்லா 35இல் பிழைத்தது, போர்ன்மவுத் 34இல் இறங்கியது.

மே 27, சனி. குடியாத்தம் வழியாக ஆம்பூர்

காட்பாடியில் ஏறினால் பெங்களூர் பாதையில் குடியாத்தம், அப்புறம் ஆம்பூர். ஷூ கம்பெனிகளின் ஊர். நெடுஞ்சாலை ஓரம் வரிசையாகப் பிரியாணிக் கடைகள். சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு இந்த ஆண்டுதான் புவிசார் குறியீடு வந்திருக்கிறது, கிடைத்தால் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஆம்பூர் பாய்களுக்கு இன்றைய கவலை எவர்டனின் காயப் பட்டியல். கால்வெர்ட்-லூயின் தொடைத் தசைப் பிடிப்பில் வெளியே. கேப்டன் கோல்மன் மே 1ஆம் தேதி லெஸ்டர் ஆட்டத்தில் ஸ்ட்ரெச்சரில் போனவர். பேட்டர்சனுக்கும் ஓநாய் அணி (வுல்வ்ஸ்) ஆட்டத்தில் அடி. வலப்பக்கம், இடப்பக்கம் காக்கிற ஆட்களே இல்லை. எவர்டன் பயிற்சியாளர் சீன் டைக் என்ன செய்வார்? மினா, கோடி, டார்கவ்ஸ்கி என்று மூன்று உயரமான நடுக்காவலர்களை நிறுத்தி, ஓரத்தில் மெக்நீலையும் ஜேம்ஸ் கார்னரையும் ஏறி இறங்க வைப்பதுதான் கையில் இருப்பதில் நல்லது. இதில் லாபம், கார்னர் கிக்கில் மூன்று பெரிய தலை. நஷ்டம், முன்னால் ஆள் குறைவு. டிமராய் கிரே தனியாக நிற்பார். பந்தை அவர் காலுக்குப் போட்டால் நிற்கும், தலைக்குத் தூக்கிப் போட்டால் திரும்பி வந்துவிடும். கோல் இரண்டாம் வரிசையிலிருந்து வர வேண்டும். அதற்குச் சரியான ஆள் அப்துலாய் டூகூரே. முந்தைய பயிற்சியாளர் லாம்பார்ட் காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டவர், டைக் வந்த பிறகு எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறார். மே 8இல் பிரைட்டனை 5-1 என்று அடித்தபோது இரண்டு கோல் அவருடையது.

கடைசி நாள் அணிகள் எங்கே கெடுகின்றன என்று கேட்டால் ஆம்பூரில் மூன்று காரணம் சொன்னார்கள், மூன்றும் சரி. டிரா போதும் என்று எண்ணி ஆடத் தொடங்குவது: ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தால் திரும்ப வேகம் பிடிக்க முடியாது. அடுத்து, பயிற்சியாளர் மாற்று ஆட்டக்காரரை இறக்கத் தாமதிப்பது. மூன்றாவது, பிரீ கிக், கார்னரில் ஆள் பிடிக்காமல் விடுவது. பதற்றத்தில் முதலில் மறப்பது இதைத்தான். எவர்டன் இதற்கு நேர்மாறாகவும் பிழைத்திருக்கிறது. போன சனிக்கிழமை ஓநாய் மைதானத்தில் 99ஆவது நிமிடத்தில் யெர்ரி மினா போட்ட கோல் இல்லையென்றால் இன்றைக்கு 32 புள்ளியில் நின்றிருக்கும். 1994 கடைசி நாளில் விம்பிள்டனிடம் 0-2 என்று பின்தங்கி 3-2 என்று ஜெயித்துப் பிழைத்ததும் இதே அணிதான்.

இரவு ஒன்பதேகாலுக்கு வெம்ப்லியில் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பிலிருந்து மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதி. ஒருவர் இறங்கினால் ஒருவர் ஏற வேண்டுமே. பர்ன்லியும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. லூட்டன் 1-1 டிராவுக்குப் பிறகு பெனால்டியில் கோவென்ட்ரியை 6-5 என்று வென்றது. 2008-09இல் 30 புள்ளி பறிக்கப்பட்டு, லீக்கைவிட்டே வெளியே போய், 2014 வரை ஐந்தாம் பிரிவில் கிடந்த அணி. வீடுகளுக்கு நடுவே நுழைந்து போகும் மைதானம், பத்தாயிரம் பேர் உட்காரலாம். ஆம்பூர்க் கடையில் இந்த அணிக்கு ரசிகர் என்று யாரும் கிடையாது, ஆனாலும் கடைசிப் பெனால்டி மேலே போனபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். கீழே போவது முடிவல்ல என்று நம்ப வைக்க இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

மே 28, ஞாயிறு. வேலூர், சத்துவாச்சாரி

ஊர் முழுக்க மஞ்சள் சட்டை. அகமதாபாதில் ஐபிஎல் இறுதி, சென்னைக்கும் குஜராத்துக்கும், ஏழரைக்கு. டிவி கேட்டால் அடி விழும். அதனால் கால்பந்துக் கூட்டம் செல்போனில் ஹாட்ஸ்டார் பார்ப்பதாக ஏற்பாடு. ஒன்று நினைவில் வைக்க வேண்டும்: போனில் ஓடுவது நேரடி ஆட்டத்துக்கு அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கும், ஆனால் ஸ்கோர் ஆப் அறிவிப்பு உடனே வந்துவிடும். எல்லோரும் அறிவிப்பை நிறுத்திவிட வேண்டும், ஒருவர் மட்டும் புள்ளிப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஒரு போன் எவர்டன், ஒரு போன் லெஸ்டர். லீட்ஸ் அண்ணன் தன் போனைத் தானே வைத்துக்கொண்டார்.

அகமதாபாதில் மழை. டாஸ்கூடப் போடவில்லை. பிட்ச் மேல் தார்ப்பாயைக் காட்டிக்கொண்டே இருந்த டிவியை எட்டே முக்காலுக்குப் பரோட்டா கடைக்காரரே ஸ்டார் ஸ்போர்ட்ஸ் செலக்டுக்கு மாற்றிக் கொடுத்தார், மழை நின்றால் திரும்ப மாற்றுவேன் என்ற நிபந்தனையோடு. எவர்டனின் மைதானம் குடிசன் பார்க் பெரிய திரையில் வந்தது.

9:02. ஹாரி கேன் கோல். லீட்ஸ் 0-1. லீட்ஸ் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. 9:34. லெஸ்டரில் ஹார்வி பார்ன்ஸ் கோல், 1-0. பட்டியல் மாறியது: லெஸ்டர் 34, மைனஸ் 17, பதினேழாம் இடம். எவர்டன் 0-0, 34, மைனஸ் 24, பதினெட்டு. புதன்கிழமை எழுதிய நிபந்தனை அப்படியே கண்முன். இடைவேளையில் எவர்டன் இறங்கிய அணி. தாளில் 68 என்று எழுதியது இப்போது யாருக்கும் ஆறுதலாக இல்லை. போர்ன்மவுத் பெட்டிக்குள் கிரேவுக்குப் பந்தே போகவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு நிமிடத்தில் பெட்ரோ போரோ, லீட்ஸ் 0-2. அந்தக் கணக்கு முடிந்தது. பத்தேகால் வாக்கில், ஆட்டத்தின் 57ஆவது நிமிடம், போர்ன்மவுத் காவலர் தலையால் தட்டிய பந்து பெட்டி விளிம்பில் விழுகிறது. டூகூரே அதை நிறுத்தவில்லை. துள்ளலில் அப்படியே வலது காலால் அடித்தார், பந்து நேராக வலைக்குள் போனது. 1-0. கடையில் கிரிக்கெட்டுக்கு வந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஐந்து நிமிடத்தில் லெஸ்டரில் ஃபாஸ் தலையால் முட்டி 2-0. லெஸ்டர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டது, இனி அதன் கையில் ஒன்றும் இல்லை. 79இல் ஃபோர்னால்ஸ் ஒன்று திருப்பினார், வெஸ்ட் ஹாம் நல்ல அணியைத்தான் இறக்கியிருந்தது.

எவர்டன் ஆட்டத்தில் கூடுதல் நேரம் பத்து நிமிடம். போர்ன்மவுத் ஒரு கோல் போட்டால் எவர்டன் 1954க்குப் பிறகு முதல் தடவையாகக் கீழே. வின்யா அடித்த பந்தை எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் பாய்ந்து தள்ளினார். டார்கவ்ஸ்கி, கோடி, மினா, மூன்று பேரும் வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டி வெளியே அனுப்பினார்கள். அழகெல்லாம் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. பதினொரு மணிக்கு விசில். சற்று நேரத்தில் அகமதாபாத் இறுதியும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனதாகச் செய்தி வந்தது.

எவர்டன் 36, மைனஸ் 23. லெஸ்டர் 34, மைனஸ் 17. லீட்ஸ் 31, மைனஸ் 30. பிளாக்பர்னுக்குப் பிறகு, பிரீமியர் லீக் கோப்பை வென்றுவிட்டு இறங்கும் இரண்டாவது அணி லெஸ்டர். நியூகாசிலில் ஜெயித்திருந்தால் 36இல் சமமாகி, கோல் வித்தியாசத்தில் லெஸ்டர் நின்றிருக்கும், எவர்டன் போயிருக்கும். அதைவிட வலிப்பது மே 1. அன்றைக்கு எவர்டனோடு 2-1 என்று முன்னே இருந்தபோது இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டி. மேடிசன் நடுவில் அடித்தார், பிக்ஃபோர்ட் நகராமல் நின்று தடுத்தார். ஆட்டம் 2-2இல் முடிந்தது. அது வெற்றியாகியிருந்தால் லெஸ்டர் 36, எவர்டன் 35.

எவர்டனுக்கும் முழு நிம்மதி இல்லை. 2021-22 கணக்கில் நிதி விதியை மீறியதாக மார்ச்சில் லீக் தொடுத்த வழக்கு இன்னும் விசாரணைக் குழு முன் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் புள்ளி பறிக்கலாம். அடுத்த சீசனில் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்தே போட வேண்டும்.

லெஸ்டருக்கும் லீட்ஸுக்கும் ஆகஸ்டிலிருந்து இரண்டாம் பிரிவில் 24 அணி, 46 ஆட்டம். முதல் இரண்டு இடம் நேராக மேலே, 3 முதல் 6 வரை பிளே-ஆஃப். 46இல் 90 புள்ளி எடுத்தால் பெரும்பாலும் நேராக ஏறலாம், அதாவது ஆட்டத்துக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. சத்துவாச்சாரி லெஸ்டர் தம்பிகள் பரோட்டா வருவதற்குள் தாளின் பின்பக்கத்தில் அந்த வகுத்தலை ஆரம்பித்துவிட்டார்கள்.